விதையும் நிலமும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரிப் பகுதியில் பருத்திப் பண்பு வேறுபாடு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு செடியின் பண்புகளுள் விதையால் வருவன எவை, நிலத்தாலும் பருவத்தாலும் வருவன எவை என்னும் வினா, தென் தமிழகக் கரிசல் நிலத்தில் பருத்தி வணிகத்தோடு இணைந்தே எழுந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் விளைந்த பருத்தியின் இழை நீளம், நிறம், பஞ்சு விழுக்காடு ஆகியவற்றில் காணப்பட்ட வேறுபாட்டை 19ஆம் நூற்றாண்டு வணிகர்களும் அரசினரும் பெரும்பாலும் ‘கலப்படம்’ என்னும் ஒரே சொல்லால் குறித்தனர். அச்சொல்லுக்குள் விதைக் கலப்பு, நில வேறுபாடு, பறிப்புக் கால வேறுபாடு, வணிகர் கலப்பு ஆகிய நான்கு தனித்தனிக் காரணங்கள் அடங்கியிருந்தன. அவற்றைப் பிரித்தறியும் அறிவியல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானபோதும், சட்டத்தின் பார்வை விதையின் மீதும் அதை விதைத்தவர் மீதுமே குவிந்தது. இம்மாற்றத்தையும் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கருங்கண்ணி, உப்பம், கம்போடியாப் பருத்தி, கரிசல், பண்பு வேறுபாடு, தூய வழித் தேர்வு, புவிசார் குறியீடு

முன்னுரை

பயிர் வரலாறு எழுதுவோர் பொதுவாக விளைச்சல், விலை, வரி ஆகிய மூன்றையும் பின்பற்றிச் செல்வர். பயிரின் பண்பு எவ்வாறு மதிப்பிடப்பட்டது, அம்மதிப்பீட்டில் ஏற்பட்ட குறைக்கு யார் பொறுப்பாக்கப்பட்டார் என்னும் வினாக்கள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. பருத்தியைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் இன்றியமையாதவை. நெல்லோ கம்போ விளைந்த ஊரிலேயே பெரும்பகுதி உண்ணப்படும். பருத்தியோ விளைந்த புலத்திலிருந்து நெடுந்தொலைவில், விளைவித்தவரை அறியாத ஒருவரின் விரல்களுக்கிடையே இழுத்துப் பார்த்து விலை வைக்கப்படும். அவ்விரல்களில் தெரியும் வேறுபாட்டின் காரணம் புலத்திலேயே இருக்கிறது. இவ்விரு இடங்களுக்கும் இடைப்பட்ட தொலைவில்தான் ‘கலப்படம்’ என்னும் சொல் பிறந்தது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பகுதி இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியாகும். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 19ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்டு, மதுரை மாவட்ட ஆட்சியில் இருந்தன. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதனுள் சேர்ந்தன. 1985இல் விருதுநகர் மாவட்டம் பிரிந்தபோது அதன் பகுதியாயின. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறியபோதும் நிலத்தின் இயல்பு மாறவில்லை.

நிலமும் பருவமும்

இப்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதன் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாக வருகிறது. குண்டாறு திருச்சுழி வழியே ஓடினும் ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும். எனவே கண்மாய்ப் பாசனம் பெறும் நஞ்சையையும் கிணற்றுப் பாசனம் பெறும் தோட்டக்காலையும் தவிர, எஞ்சிய நிலமெல்லாம் மானாவாரிப் புஞ்சையே.

அப்புஞ்சையும் ஒரே தன்மையது அன்று. களித்தன்மை மிகுந்த கரிசல் ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் ஆழமாக வெடிக்கும். மழை நின்ற பின்னும் அது அடியில் ஈரத்தைக் காத்து வைத்திருக்கும். செவ்வல் நிலம் மழைநீரை எளிதில் உள்வாங்கினும் நெடுநாள் தேக்கி வைக்காது. சரளை கலந்த மேட்டு நிலத்தில் வேர் ஆழமாக இறங்க இயலாது. ஒரே ஊரின் எல்லைக்குள், சில வேளைகளில் ஒரே குடும்பத்தின் நிலத்துக்குள்ளேயே, இம்மூன்றும் அமைந்திருக்கும்.

மழைக்காலத்தில் விதைத்த கரிசல் பருத்தி, மழை ஓய்ந்த பின்னர் மண்ணில் தங்கிய ஈரத்தைக் கொண்டே பூத்துக் காய்க்கிறது. பங்குனி, சித்திரையில் முதற் பறிப்புகள் நடைபெறும். கோடைமழை பெய்தால் செடி மீண்டும் துளிர்த்து இரண்டாம் முறை காய்க்கும். இவ்விரு விளைச்சலும் ஒரே செடியில் தோன்றினும் பஞ்சின் தன்மையில் ஒன்றல்ல.

இதற்கான காரணம் இழையின் வளர்ச்சியில் உள்ளது. பருத்தி இழை ஒவ்வொன்றும் விதைத்தோலின் மேற்பரப்பிலுள்ள ஒரே ஓர் உயிரணுவின் நீட்சியாகும். பூ மலர்ந்ததிலிருந்து ஏறத்தாழ மூன்று வாரம் அது நீளத்தில் வளர்கிறது; அதன்பின் உட்சுவரில் செல்லுலோஸ் படிந்து தடிப்பேறுகிறது. நீளும் காலத்தில் ஈரம் குறைந்தால் இழை குட்டையாகும். தடிக்கும் காலத்தில் செடி வாடினால் இழை முதிராமல் மெலிந்து, நூற்கும்போது முடிச்சிடும். ஆகவே ஒரு செடியின் அடிக்கிளைக் காயும் நுனிக்கிளைக் காயும் ஒரே மரபைக் கொண்டிருந்தும், அவை வளர்ந்த வாரங்களின் ஈர நிலைக்கேற்ப வெவ்வேறு இழைகளைத் தரக்கூடும்.

வணிகப்பெயரும் அதனுள் அடங்கிய செடிகளும்

அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுபட்டி ஆகிய ஊர்களின் வணிகர்கள் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பருத்தியைத் திரட்டினர். அது அரைக்கப்பட்டு, பொதிகளாகத் தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தது. 1870களின் நடுப்பகுதியில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை அமைந்த பின் விருதுபட்டியின் முதன்மை மேலும் உயர்ந்தது. அங்கிருந்து கப்பலேறிய பஞ்சுக்கு இங்கிலாந்துச் சந்தையில் ‘டின்னவெல்லி’ என்று பெயர். மதுரை மாவட்டத்துத் திருச்சுழிக் கரிசலில் விளைந்ததும் அப்பெயரிலேயே விற்றது. ஆக, ‘டின்னவெல்லி’ என்பது பண்பைக் குறித்த ஓர் இடப்பெயர்; ஆனால் அந்த இடத்தின் எல்லையை வரைந்தது வணிக வழியேயன்றி நிலமோ விதையோ அன்று.

அப்பெயருக்குள் குறைந்தது இரண்டு செடியினங்கள் இருந்தன. ஒன்று கருங்கண்ணி, மற்றொன்று உப்பம். இன்றைய தாவரவியல் வகைப்பாட்டின்படி கருங்கண்ணி காசிப்பியம் ஆர்போரியம் இனத்தையும், உப்பம் காசிப்பியம் ஹெர்பேசியம் இனத்தையும் சேர்ந்தவை. பூவைச் சூழும் புல்லிவட்டச் செதில்கள் கருங்கண்ணியில் மொட்டை ஒட்டி மூடியும், விளிம்பில் சில பற்களே கொண்டும் இருக்கும். உப்பத்தில் அவை விரிந்தும் பல பற்களுடனும் அமையும். முதிர்ந்த கருங்கண்ணிக் காய் நன்கு விரியும். உப்பக் காய் குறைவாகவே விரியும். புலத்தில் நிற்கும் உழவரால் இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலும். அரைத்துப் பொதியாக்கிய பஞ்சில் அவ்வேறுபாட்டைத் தேடுவது அரிது.

இரண்டும் ஒரே புலத்தில் கலந்து விதைக்கப்பட்டதை வேளாண் துறையினர் குறையாகவே பதிவு செய்தனர். மழையின் வரவு உறுதியற்ற நிலத்தில், வளர்ச்சிப் பழக்கத்தில் வேறுபட்ட இரு செடிகளை ஒருங்கே விதைப்பதில் ஒரு காப்பும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பருத்தியோடு உளுந்தையும் கொத்தமல்லியையும் ஊடுபயிராக விதைத்த அதே அறிவின் தொடர்ச்சியாக இதைக் கொள்ள இடமுண்டு. எனினும் அரவை ஆலையில் விதைகள் கலந்து, அக்கலவையே மறு ஆண்டு உழவரிடம் திரும்பியதும் உண்மை. ஆகவே ஒரு புலத்தின் கலப்பு முழுவதையும் உழவரின் தெரிவாகவோ அவரது கவனக்குறைவாகவோ கொள்ள இயலாது.

அமெரிக்க விதை, கம்போடிய விதை

விதையை மாற்றினால் பண்பு மாறும் என்னும் நம்பிக்கை கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே வலுப்பெற்றிருந்தது. 1840இல் கம்பெனி அமெரிக்கப் பருத்திப் பயிரீட்டாளர்களை இந்தியாவுக்கு வரவழைத்தது. அவர்களுள் சிலர் கோயம்புத்தூருக்கு அனுப்பப்பட்டனர். தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1842 முதல் அங்கு அமெரிக்கப் பருத்திச் சோதனைகளை மேற்பார்வையிட்டார். 1853இல் அவர் இந்தியாவை விட்டுச் செல்லும்வரை அம்முயற்சி நீடித்தது. மறுபுறம், ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் 1851இல் வெளியிட்ட நூலில் தட்பவெப்பத்தின் பங்கை விரிவாக எடுத்துரைத்தார். விதையா, தட்பவெப்பமா என்னும் வாதம் இவ்வாறு அரசு ஆவணங்களில் இடம்பெற்றது.

சென்னை மாகாணத்தில் அம்முயற்சியால் அமெரிக்கப் பருத்தி பெரும்பரப்பில் நிலைபெறவில்லை. பம்பாய் மாகாணத்துத் தார்வாரில் அதே வகை நிலைத்து, ‘தார்வார்-அமெரிக்கன்’ என்னும் வணிகப்பெயரும் பெற்றது. ஒரே முயற்சி இரு இடங்களில் இருவேறு முடிவைத் தந்ததிலிருந்தே விதை மட்டும் போதாது என்பது புலனாகியிருக்க வேண்டும்.

அடுத்த சான்று நம் பகுதியிலேயே கிடைத்தது. 1904-05 வாக்கில் இந்தோசீனத்திலிருந்து கொணரப்பட்ட கம்போடியாப் பருத்தி விருதுபட்டி வட்டாரத்தில் பயிரிடப்பட்டது. பெயர் கம்போடியாவைச் சுட்டினும், செடி அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட காசிப்பியம் ஹிர்சூட்டம் இனமே. அரை நூற்றாண்டுக்கு முன் வைட் சோதித்த அமெரிக்க மேட்டுநிலப் பருத்தியும் இதே இனம். இம்முறை அது நிலைத்தது. கோயம்புத்தூர் வட்டாரத்துக்கும் பரவிச் சென்னை மாகாணத்தின் முதன்மைப் பருத்திகளுள் ஒன்றாயிற்று.

இவ்வெற்றியில் விதைக்கும் பங்குண்டு. இடைக்காலத்தில் ஆசிய வெப்பநிலத்தில் பல தலைமுறை வளர்ந்த வழி அது. ஆனால் அது வேரூன்றியது முதன்மையாகச் செவ்வல் நிலத்துத் தோட்டக்காலில். கமலை இறைத்த கிணற்று நீரில். கரிசல் மானாவாரியில் கருங்கண்ணியே தொடர்ந்தது. எந்த விதை எந்த மண்ணில் தன் பண்பைக் காட்டும் என்னும் பகுப்பை இப்பகுதி உழவர்கள் தம் நிலப் பங்கீட்டிலேயே எழுதி வைத்தனர் எனலாம். வைட் காலத்து வாதம் ‘விதையா, தட்பவெப்பமா’ என்று இரண்டில் ஒன்றைக் கேட்டது. தோட்டக்காலும் கரிசலும் அருகருகே தந்த விடையோ ‘இந்த விதைக்கு இந்த நிலம்’ என்பதாக இருந்தது.

கோவில்பட்டியும் தூய வழித் தேர்வும்

1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. கரிசல் மானாவாரிப் பயிர்களே அதன் முதன்மைப் பொருளாயின. கருங்கண்ணியையும் உப்பத்தையும் பிரித்து வளர்த்து ஒப்பிட்டதும், கருங்கண்ணியைத் தேர்ந்து அதன் தூய விதையைப் பரப்பியதும் அந்நிலையத்தின் தொடக்ககாலப் பணிகளுள் அடங்கும். பின்னர் அங்கு உருவான கருங்கண்ணி வகைகள் ‘கே’ என்னும் எழுத்தோடு எண்ணிடப்பட்டு வழங்கின.

இதே காலத்தில் டென்மார்க்கு அறிஞர் வில்லெம் யோகான்சன் அவரை விதைகளைக் கொண்டு ஒரு சோதனை நிகழ்த்தினார். தன்மகரந்தச் சேர்க்கையால் வந்த ஒரே வழியின் விதைகளுள் பெரியவற்றையும் சிறியவற்றையும் தனித்தனியே விதைத்தார். அவற்றின் வழித்தோன்றல்களுக்கிடையே சராசரி எடையில் வேறுபாடு தோன்றவில்லை. ஒரே வழிக்குள் காணப்பட்ட பெருமையும் சிறுமையும் வளர்ந்த சூழலால் வந்தவை. அவை மரபாக இறங்குவதில்லை. 1903இல் இதனை வெளியிட்ட அவர், 1909இல் மரபணுவகை, புறத்தோற்றம் என்னும் இரு கருத்துகளைச் சொல்லளவிலும் பிரித்தார்.

கரிசல் பருத்திக்கு இப்பகுப்பு நேரடியாகப் பொருந்தும். ஒரு புலத்தில் நெடிய இழை தரும் செடியைத் தேர்ந்தெடுப்பவர் எதைத் தேர்கிறார்? அச்செடியின் மரபையா, அது நின்ற இடத்தின் ஆழமான ஈரத்தையா? ஒரு புலத்தை மட்டும் கண்டு இதற்கு விடை கூற இயலாது. அச்செடியின் விதையைத் தனியே பெருக்கி, பல இடங்களிலும் பல ஆண்டுகளிலும் பிறவற்றோடு அருகருகே வளர்த்தே அறிய முடியும். தேர்ந்த பண்பு இடம் மாறியும் நிலைத்தால் அது மரபின் பேறு. இடத்தோடு மறைந்தால் இடத்தின் பேறு. ஒரு வகை கரிசலில் முந்தியும் செவ்வலில் பிந்தியும் நின்றால், அப்பண்பு விதையும் நிலமும் கூடிய வினையின் பேறாகும். 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் நிலையத்தில் ரொனால்டு ஃபிஷர் வகுத்த மாறுபாட்டுப் பகுப்பாய்வு, இம்மூன்று பங்குகளையும் எண்ணளவில் பிரிக்க வழி செய்தது. வேளாண் நிலையங்களின் பலவிடச் சோதனைகள் அதன் வழி வந்தவையே.

மற்றொரு நுட்பமும் கருதத்தக்கது. கருங்கண்ணியும் உப்பமும் 26 நிறப்புரிகள் கொண்டவை. கம்போடியாப் பருத்திக்கு 52. எனவே கம்போடியாவும் கருங்கண்ணியும் அடுத்தடுத்த புலங்களில் வளர்ந்தாலும் இயல்பாகக் கலந்து வளமான வழியை உண்டாக்குவதில்லை. கருங்கண்ணியும் உப்பமும் கூடினால் முதல் தலைமுறை காய்க்கும். அடுத்த தலைமுறையில் வலுவற்ற செடிகள் மிகும். ஆகவே இவ்வினங்களுக்கிடையே கண்ட கலப்பு பெரிதும் விதைகளின் கலப்பு. அதாவது களத்திலும் அரவையிலும் கிட்டங்கியிலும் நேர்ந்தது. செடிகள் சீரழிந்துவிட்டன என்று பொதுவாகக் கூறப்பட்டதன் ஒரு பகுதி, உண்மையில் விதைகள் பிரித்துக் காக்கப்படாததன் விளைவே.

‘கலப்படம்’: ஆலையிலிருந்து புலத்துக்கு

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861-65 ஆண்டுகளில் இந்தியப் பருத்தியின் விலை பெரிதும் உயர்ந்தது. பஞ்சில் நீர் தெளித்தல், கொட்டையும் குப்பையும் சேர்த்தல் ஆகியன பற்றிய முறையீடுகளும் எழுந்தன. பம்பாய் மாகாணத்தில் 1863இல் பருத்தி மோசடித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் நோக்கியது ஏமாற்றும் கருத்தோடு செய்த செயலை.

முதல் உலகப் போரின் இறுதிக் காலத்தில் இந்தியப் பருத்திக் குழு அமைந்து 1919இல் அறிக்கை அளித்தது. அதன் பயனாக 1921இல் இந்திய மத்தியப் பருத்திக் குழு நிறுவப்பட்டது. 1924இல் பம்பாயில் நூற்புச் சோதனைக்கூடம் ஏற்பட்டது. 1923இல் பருத்திப் போக்குவரத்துச் சட்டமும், 1925இல் அரவை மற்றும் பொதியாக்கும் ஆலைகள் சட்டமும் வந்தன. இவை பொதி செல்லும் வழியையும் ஆலையையும் கண்காணித்தன.

1932இல் சென்னை மாகாணம் இயற்றிய பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு படி மேலே சென்றது. புளிச்சை என வழங்கிய பருத்தியைப் பயிரிடுவதையும் கலப்பதையும் தடுப்பது அதன் நோக்கம். புளிச்சையும் ஆர்போரியம் இனத்ததே. அதன் இழை குட்டையும் முரடுமானது; ஆயின் கொட்டை நீக்கியபின் கிடைக்கும் பஞ்சின் விழுக்காடு மிகுதி. இவ்விரு பண்புகளும் ஒரே செடியில் சேர்ந்திருந்ததே சிக்கலின் வேர். இழை நீளத்துக்குத் தனி விலை தராமல், எடையையும் பஞ்சு விழுக்காட்டையும் நோக்கி வாங்கும் சந்தையில் புளிச்சையை விதைப்பது உழவர்க்கு ஆதாயமானது. அவர் விதைத்தது அச்சந்தை கேட்ட பண்பையே.

முதற் சட்டத்தில் குற்றம் ஒரு செயலாக இருந்தது. இச்சட்டத்தில் அது ஒரு செடியாயிற்று. விதைக் கலப்பைத் தடுக்கும் தேவை இருந்ததை மறுப்பதற்கில்லை. தூய கருங்கண்ணிக்கு நல்ல விலை பெற அது உதவக்கூடியதே. ஆயினும் விதைக் கலப்பைத் தவிர்த்த பின்னும் நில வேறுபாடும் பறிப்புக் கால வேறுபாடும் எஞ்சியிருக்கும். கோடைமழைக்குப் பின் பறித்த பஞ்சின் நிறக்குறையையும், சரளை மேட்டில் விளைந்த குட்டை இழையையும் எந்தச் சட்டமும் நீக்க இயலாது. முதற் பறிப்பையும் பிற்பறிப்பையும் பிரித்து வைத்து, பிரித்ததற்கு உரிய விலையும் தருவதே அதற்கான வழி. அவ்வேற்பாட்டுக்குக் கிட்டங்கியும் முன்பணமும் வேண்டும். கடனுக்குக் கட்டுப்பட்டுப் பறித்தவுடன் விற்க வேண்டியிருந்த சிறு உழவரிடம் அவை இரண்டும் இல்லை. மழையின் பிழை அவரது பிழையாக விலையில் எழுதப்பட்டது.

விடுதலைக்குப் பின்

1947இல் நாட்டுப் பிரிவினையால் நீள இழைப் பருத்தி விளைந்த பரப்புகளில் பெரும்பகுதி பாகிஸ்தானைச் சேர்ந்தது. இந்திய ஆலைகளுக்கு நீள இழை தேவைப்பட்டது. கம்போடியா, உகாண்டா வழிகளை இணைத்துக் கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட எம்.சி.யூ. வரிசை அத்தேவையை நோக்கியது. அவ்வரிசையின் 5ஆம் வகை 1968இல் வெளியானது. 1970இல் சூரத்திலிருந்து ‘எச்-4’ என்னும் கலப்பின வகை வந்தது. 2002இல் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. ஆய்வும் விலையும் ஹிர்சூட்டத்தின் பக்கம் சாய, கரிசலில் கருங்கண்ணியின் பரப்பு சுருங்கியது. அருப்புக்கோட்டையில் இயங்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் கோவில்பட்டி நிலையமும் மானாவாரிக்கெனத் தனி ஆய்வு வேண்டும் என்பதன் சான்றாக இன்றும் நிற்கின்றன.

இதற்கிடையே ‘இடத்தால் வரும் பண்பு’ என்னும் கருத்து வேறொரு வாயில் வழியே திரும்பியிருக்கிறது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம், ஒரு பொருளின் தரமோ புகழோ பிற பண்போ அதன் நிலப்பகுதியோடு தொடர்புடையதாயின் அப்பெயருக்குக் காப்பளிக்கிறது. 2023இல் விருதுநகர் சம்பா வத்தலும் இராமநாதபுரம் முண்டு மிளகாயும் அக்குறியீட்டைப் பெற்றன. ‘டின்னவெல்லி’ப் பருத்தியும் ஒருவகையில் இடத்தின் பெயரால் விற்ற பண்பே. ஆனால் அப்பெயரின் மேல் விளைவித்தவருக்கு எவ்வுரிமையும் இருக்கவில்லை. அப்பெயருக்குக் குறை நேர்ந்தபோது பொறுப்பு மட்டும் அவரைச் சேர்ந்தது.

முடிவுரை

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியின் பருத்தி வரலாறு மூன்று முடிவுகளுக்கு இட்டுச் செல்கிறது. முதலாவது, கலப்படம் எனப்பட்டதன் உள்ளே நான்கு காரணங்கள் இருந்தன; அவற்றுள் வணிகர் கலப்பும் விதைக் கலப்பின் ஒரு பகுதியுமே மனிதரின் கட்டுப்பாட்டுக்குள் வருவன. இரண்டாவது, கம்போடியாப் பருத்தி தோட்டக்காலில் நிலைத்ததும் கருங்கண்ணி கரிசலில் தொடர்ந்ததும், பண்பு என்பது விதையும் நிலமும் சேர்ந்து ஆக்குவது என்பதை ஆய்வகத்துக்கு வெளியே மெய்ப்பித்தன. மூன்றாவது, அறிவியல் இவற்றைப் பிரித்தறிந்த பின்னும் சட்டமும் விலையும் எளிதில் கைக்கெட்டிய விதையையே பிடித்துக்கொண்டன.

இன்று ஒரு வகை மானாவாரியில் பொய்க்கும்போதும் விதை சரியில்லை, மண் சரியில்லை, உழவர் சரியாகச் செய்யவில்லை என்னும் மூன்று விடைகளே கூறப்படுகின்றன. அவ்வகை எந்த மண்ணில், எந்த ஈரத்தில் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. பாசன நிலத்தில் தேர்ந்த பண்பைக் கரிசலில் எதிர்பார்த்து விற்பவரும் அப்பொறுப்பில் பங்கு கொள்ள வேண்டியவரே. விதைப்பையின் மேல் விளைச்சல் அளவோடு, அது சோதிக்கப்பட்ட நிலத்தின் இயல்பும் எழுதப்பட்டால், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உழவர் மட்டும் சுமந்துவரும் பழியில் ஒரு பகுதியேனும் உரிய இடத்தைச் சேரும்.